பந்தைப் படம் பிடித்த அப்பாவும் மகனும்

2012 செப்டம்பர் 19, புதன்கிழமை காலை எட்டு மணி. பாயான் லெப்பாஸில் நான் அப்போது வேலை பார்த்த அமெரிக்க மின்னணு நிறுவனத்தில் வாராந்தரத் தொலைபேசிக் கூட்டம். நமக்குக் காலை எட்டு என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் முந்தைய நாள் இரவு எட்டு. எப்போதும் முதல் ஆளாக வந்து பினாங்கில் மழையா வெயிலா என்று விசாரிக்கும் ஃபிலடெல்ஃபியாக்காரர் அன்று தாமதமாக வந்தார். குரல் சரியில்லை. இன்று எங்கள் ஊரில் ஒரு சாவு, மன்னிக்க வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்த தோழி ஒலியை அடைத்துவிட்டு, "அவரோட அப்பாவா?" என்று என்னிடம் கேட்டார்.

இறந்தவர் ஸ்டீவ் சபோல். வயது 69. மூளைப் புற்றுநோய். எங்கள் ஃபிலடெல்ஃபியாக்காரர் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சபோல் புகழ்பெற்ற ஆட்டக்காரர் அல்ல, பயிற்றுநர் அல்ல, அணி முதலாளியும் அல்ல. அமெரிக்கக் காற்பந்தைப் படம் பிடித்தவர். அவ்வளவுதான்.

நடிகருக்காக அழுத கூட்டத்தை நமக்குத் தெரியும். பாடகருக்காக, ஆட்டக்காரருக்காக அழுததும் தெரியும். ஆட்டத்தைப் படம் பிடித்தவருக்காக ஒரு பொறியாளர் குரல் உடைவதை நான் அன்றுதான் கேட்டேன். கூட்டம் முடிந்த பிறகும் அவர் இணைப்பில் இருந்தார். சிறு வயதில் அப்பாவுக்கும் தனக்கும் ஒத்துப்போகாது என்றார். ஆனால் வாரத்துக்கு ஒரு முறை சபோலின் காற்பந்து நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வரும்போது மட்டும் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்களாம். பேச மாட்டார்கள். பார்ப்பார்கள். அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போது அந்தச் சோபாவும் போனது போல இருக்கிறது என்றார்.

அதன் பிறகுதான் சபோல் எடுத்த படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்பது நம் காற்பந்தை அல்ல. முட்டை வடிவப் பந்து, அதுவும் பெரும்பாலும் கையில்தான் இருக்கும். தோளுக்கும் தலைக்கும் கவசம் போட்ட 11 பேர் எதிரே நிற்கும் 11 பேர் மீது பாய்வார்கள். நாலைந்து விநாடியில் ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்து விழுவார்கள். ஊதல் ஒலிக்கும். எழுந்து, கூடி, பேசி, மறுபடி வரிசையில் நிற்பார்கள். 'வால் ஸ்திரீட் ஜர்னல்' நாளேடு 2010ல் கடிகாரம் வைத்துக் கணக்குப் பார்த்தது: மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 11 நிமிடம். நம் மாமாக் கடையில் இதை ஒளிபரப்பினால் தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது அலைவரிசையை மாற்றச் சொல்லிவிடுவார்கள்.

அந்த 11 நிமிடத்தைக் காவியமாக்கிய குடும்பத்தின் கதை ஒரு குளிர்கோட்டுக் கடையில் தொடங்குகிறது.

ஸ்டீவின் தந்தை எட் சபோல் ஃபிலடெல்ஃபியாவில் மாமனாரின் நிறுவனத்துக்காகக் குளிர்கோட்டு விற்றவர். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. திருமணப் பரிசாக வந்த 16 மில்லிமீட்டர் கேமரா ஒன்று வீட்டில் இருந்தது. மகன் பிறந்ததையும் வளர்ந்ததையும் அதில் எடுத்தார். மகன் பள்ளி அணியில் காற்பந்து ஆடத் தொடங்கியதும் ஓர் ஆட்டம் விடாமல் எடுத்தார். நம் வீடுகளில் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி நாளில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றோரம் ஓடும் அப்பாக்கள் இருக்கிறார்களே, அந்த வகைதான். ஒரு வித்தியாசம்: இவர் வேலையை விட்டுவிட்டு, மகள் பிளேரின் பெயரில் ஒரு படக் கம்பெனி ஆரம்பித்தார்.

1962ல் என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் காற்பந்து லீக்கின் இறுதி ஆட்டத்தைப் படமாக்கும் உரிமை ஏலத்துக்கு வந்தது. எட் 3,000 டாலர் கேட்டார். முந்தைய ஆண்டு போன விலையைப் போல அது இரண்டு மடங்கு. லீக்கின் தலைவர் பீட் ரோசெல் தயங்கினார். இந்த மனிதர் இதுவரை எடுத்ததெல்லாம் சொந்த மகனின் பள்ளி ஆட்டங்கள். ஆனாலும் பணம் பேசியது.

அந்த ஆட்டம் டிசம்பர் 30ஆம் தேதி நியூயார்க் யாங்கி அரங்கத்தில் நடந்தது. கிரீன் பே பேக்கர்ஸ் 16, நியூயார்க் ஜயண்ட்ஸ் 7. எலும்பைத் துளைக்கும் குளிர், பேய்க்காற்று. கேமராவுக்குள்ளேயே ஃபிலிம் விறைத்து முறிந்தது. எல்லாம் போயிற்று என்றுதான் எட் நினைத்திருக்க வேண்டும். ஆனால் கிடைத்த துண்டுகளை ஒட்டி அவர் செய்த படத்தைப் பார்த்த ரோசெல், தான் பார்த்த காற்பந்துப் படங்களிலேயே இதுதான் சிறந்தது என்றார். சில ஆண்டுகளில் எட் இன்னொரு யோசனையோடு போனார்: என் கம்பெனியை லீக்கே வாங்கிக்கொள்ளட்டும். 14 அணி முதலாளிகளும் ஆளுக்கு 20,000 டாலர் போட்டார்கள். 'என்.எஃப்.எல். ஃபிலிம்ஸ்' பிறந்தது.

மகன் அப்போது கொலராடோவில் கல்லூரி மாணவர். படித்தது ஓவியக்கலை வரலாறு. காற்பந்தும் ஆடினார், ஆனால் ஆட்டத்தைவிட விளம்பரத்தில் கெட்டிக்காரர். வசதியான ஃபிலடெல்ஃபியா புறநகர்ப் பையன், மிசிசிப்பி மாநிலத்தின் போசம் டிராட் என்ற ஊர்க்காரன் என்று தன்னைப் பற்றிக் கதை கட்டினார். 'சடன் டெத் சபோல்', அதாவது சட்டென்று வரும் சாவு, என்று பட்டம் சூட்டிக்கொண்டார். தன்னைப் பற்றித் தானே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். நம் ஊர்த் தேர்தல் பதாகைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய செய்தி அல்ல. ஆனால் சாதாரண ஆளையும் ஒரு பெயர், ஒரு கதை, ஒரு படம் வீரனாக்கிவிடும் என்பதை அந்தப் பையன் இருபது வயதிலேயே தெரிந்து வைத்திருந்தான். நாலு வருடமாக நீ செய்ததெல்லாம் காற்பந்து ஆடியதும் சினிமா பார்த்ததும்தான், இந்த வேலைக்கு உன்னைவிடத் தகுந்த ஆள் இல்லை என்று சொல்லி அப்பா அவரை அழைத்துக்கொண்டார்.

அதுவரை விளையாட்டுப் படம் என்றால் உயரத்தில் ஒரு கேமரா, கீழே எறும்புகள் போல ஆட்கள், கூடவே ராணுவ பேண்டு இசை. ஓவிய வரலாறு படித்த ஸ்டீவுக்கு அது போதவில்லை. பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, பந்தை எதிர்பார்க்கும் விரல்களைப் பார்க்க விரும்பினார். குளிரில் மூக்கிலிருந்து வரும் ஆவி, பற்களுக்கு இடையில் சேறு, தோற்ற அணியின் முதிய ஆட்டக்காரர் இருக்கையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் விதம்.

இதற்காக மூன்று வகைக் கேமராக்காரர்களை வைத்திருந்தார்கள். அரங்கத்தின் உச்சியில் அசையாமல் நிற்பவருக்கு 'மரம்' என்று பெயர். தரையோடு தரையாகக் கையில் கேமராவோடு ஓடுபவர் 'மோல்', மண்ணுக்குள் வளை தோண்டும் பிராணி. மூன்றாமவர் 'வீசல்', நம் கீரிப்பிள்ளை போல ஒன்று. ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து எடுப்பது அவர் வேலை. எனக்குப் பிடித்தவர் இந்தக் கீரிதான். ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றுவதையும், காயம்பட்டவரின் கட்டு அவிழ்வதையும் அவர்தான் எடுத்திருப்பார்.

பிறகு ஸ்லோ மோஷன். திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கேமரா விநாடிக்கு 96 படம் எடுத்தால் திரையில் ஒரு விநாடி நாலு விநாடியாக நீளும். நேரில் பார்ப்பவருக்கு ஒரு மங்கல் கோடாகத் தெரியும் பந்து, ஃபிலிமில் திருகாணி போலச் சுழன்றுகொண்டே வானத்தில் மிதக்கும். அது விழும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கலாம். 11 நிமிட ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

இசைக்கு சாம் ஸ்பென்ஸ். இவர் அமெரிக்கர்; ஆனால் ஜெர்மனியின் மியூனிக்கில் இருந்துகொண்டு, அங்குள்ள இசைக் கலைஞர்களை வைத்துப் பெரிய வாத்தியக்குழு இசையை எழுதி அனுப்பினார். குரலுக்கு ஜான் ஃபசெண்டா, ஃபிலடெல்ஃபியாவின் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர். அந்தக் கனத்த குரலுக்கு ரசிகர்கள் 'கடவுளின் குரல்' என்றே பெயர் வைத்தார்கள். ஸ்டீவ் அவருக்காகச் சிறு சிறு வரிகளாக எழுதினார்; இடையில் நிறைய மௌனம். நம் ஊரில் இரவுக் கூத்தில் கட்டியங்காரன் வந்து நின்று வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் அடங்குமே, அந்த அடக்கம்.

இந்த மூன்றும் சேர்ந்த முதல் பெரிய படம் 1967இன் 'தே கால் இட் புரோ ஃபுட்பால்'. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசத்தின் திரைச் செல்வங்களாகப் பாதுகாக்கும் பட்டியலில் அது 2012 டிசம்பரில் சேர்ந்தது. ஸ்டீவ் இறந்து மூன்று மாதம் கழித்து.

காவியம் மட்டுமல்ல, கேலியும் செய்தார்கள். 1968ல் 'ஃபுட்பால் ஃபாலிஸ்' என்று வழுக்கி விழுபவர்கள், பந்தைத் தவறவிட்டு அதைத் துரத்துபவர்களை மட்டும் தொகுத்து ஒரு படம். இன்று கைப்பேசியில் நாம் பார்த்துச் சிரிக்கும் விளையாட்டுச் சொதப்பல் காட்சிகளுக்கெல்லாம் பாட்டன் அது. 1970 ஜனவரியில் நடந்த நான்காவது சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டி பயிற்றுநர் ஹாங்க் ஸ்ட்ராமின் உடையில் ஒலிவாங்கியை ஒளித்து வைத்தார்கள். அவர் திடலோரத்தில் துள்ளிக் குதித்துக்கொண்டு தன் பையன்களிடமும் நடுவர்களிடமும் பேசியதெல்லாம் வீட்டு வரவேற்பறைக்கு வந்தது. இன்று பிரீமியர் லீக் அணிகளின் உடைமாற்றும் அறைக்குள் கேமரா போவது நமக்குப் பழகிவிட்டது. அந்தக் கதவில் முதலில் கை வைத்தவர்களில் இவர்களும் உண்டு.

ஸ்டீவ் தனியாக 35 எம்மி விருதுகள் வாங்கினார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு என்று அவர் வாங்கிய பிரிவுகளின் வகையை இன்னொருவர் எட்டவில்லை. 2011 மார்ச்சில் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒஹாயோவின் கேன்டன் நகரில் உள்ள காற்பந்துப் புகழ்மண்டபத்தில் 94 வயது எட் சபோலுக்கு இடம் கிடைத்தது. அப்பாவை மேடையில் அறிமுகம் செய்தவர் நோயாளியான மகன். அடுத்த ஆண்டு மகன் போனார். அப்பா 98 வயது வரை, 2015 பிப்ரவரி வரை இருந்தார். 2020ல் மகனையும் அதே மண்டபத்தில் சேர்த்தார்கள்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. படம் எடுத்த கம்பெனி யாருக்குச் சொந்தம்? லீக்குக்கு. பாட்டுடைத் தலைவன் கொடுத்த பொற்காசில் பாடிய பரணி இது. கலிங்கத்துப் பரணியில் போர்க்களம் எவ்வளவு அழகாக இருக்கிறது! அந்தக் களத்தில் விழுந்தவர்களின் பட்டியலை ஜெயங்கொண்டார் எடுக்கவில்லை. அது அவர் வேலையும் அல்ல. ஒருவர் தலை இன்னொருவர் மார்பில் மோதுவதை நாலு மடங்கு மெதுவாக்கி, பின்னால் வயலின் வைத்தால் அது நடனமாகிவிடுகிறது. 2002ல் இறந்துபோன பிட்ஸ்பர்க் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான், அந்த நடனம் உள்ளே என்ன செய்திருக்கிறது என்பது வெளியே தெரிய ஆரம்பித்தது. 2013 ஆகஸ்டில் முன்னாள் வீரர்களின் வழக்கைத் தீர்க்க லீக் 765 மில்லியன் டாலருக்கு ஒப்புக்கொண்டது. சபோலின் படங்களை ரசிக்கும்போதெல்லாம் இந்த எண் எனக்கு நினைவுக்கு வருகிறது. வந்தாலும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

சரி, பினாங்கில் இருப்பவனுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை?

சபோல் இறந்து நாலு மாதம் கழித்து, 2013 ஜனவரி 28 அன்று, எடி சூங் காலமானார். பினாங்கில் பிறந்தவர், பினாங்கிலேயே முடிந்தவர். அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் போட்டியின் ஒற்றையர் பட்டத்தை 1953, 1954, 1956, 1957 என்று நாலு முறை வென்றவர். ஆள் குள்ளம், அதனால் துள்ளி எழும்பி அந்தரத்தில் நின்று அடிப்பார் என்பார்கள். என்பார்கள் என்றுதான் எழுத முடிகிறது. எங்கள் அலுவலகத்தில் அன்று அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் தங்கள் அப்பா சொன்னதை, தாத்தா சொன்னதைச் சொன்னார்கள். அவர் துள்ளியதை யாரும் பார்த்திருக்கவில்லை. அமெரிக்காவில் ஓர் ஆட்டக்காரர் இறந்தால் அன்று இரவே ரசிகர்கள் அவரை இருபத்தைந்து வயதுக்காரராக மறுபடி பார்த்துவிட்டுப் படுக்கலாம். நமக்குச் செய்தித்தாளில் ஒரு கருப்பு வெள்ளைப் படம்.

காற்பந்திலும் இதே கதைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று வென்றது. நம் காற்பந்தில்தான், அவர்களுடையதில் அல்ல; ஆனாலும் வெற்றி வெற்றிதானே. சாம் ஸ்பென்ஸ் எந்த ஊரில் உட்கார்ந்து அமெரிக்க வீரர்களுக்காக முரசு கொட்டிக்கொண்டிருந்தாரோ, அதே ஊரின் ஒலிம்பிக். நம் பையன்களுக்கு முரசு கொட்ட ஆள் இல்லை.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றி கோல். ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அணி போகவில்லை. அந்தத் தலைமுறையின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள், 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்டது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. சூப்பர்மோக் என்று கொண்டாடப்பட்ட மொக்தார் டஹாரி 1991ல் 37 வயதில் போனார். அவரைத் தின்றது நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் நோய் என்பது 2010ல் நேஷனல் ஜியாகிரஃபிக் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் வழியாகத்தான் மக்களுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருடம் கழித்து. ஒரு கேமரா வந்து கேட்ட பிறகுதான் பதில் வந்தது.

எங்களுக்கும் ஒரு சபோல் வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 2016 ஜனவரி கடைசியில் 'ஓலா போலா' வந்தது. இயக்கியவர் சியு கெங் குவான். ஆவணப்படமல்ல, 1980 அணியைத் தழுவிய கற்பனைக் கதை, பெயர்களும் ஆட்ட விவரங்களும் மாற்றப்பட்டவை. ஆறுமுகத்தை நினைவூட்டும் கோல்காவலருக்குப் படத்தில் முத்து என்று பெயர். நடித்தவர் சரண் குமார். வீட்டுக்குள் அவரும் குடும்பமும் பேசுவது தமிழ். மலாய்ப் படத்துக்கும் சீனப் படத்துக்கும் தமிழ்ப் படத்துக்கும் தனித்தனியாகப் போகும் நாம் எல்லாரும் ஒரே கொட்டகையில், ஒரே இடத்தில் கை தட்டினோம். நான் கவனித்தது இன்னொன்று. அந்தக் கதையைத் தொடங்கி வைப்பவர் ஓர் இளம் தொலைக்காட்சிச் செய்தியாளர். கேமராவைத் தூக்கிக்கொண்டு முதிய ஆட்டக்காரர்களைத் தேடிப் போகிறார். அந்தச் சின்னப் பெண் செய்யும் வேலையை அந்த முப்பத்தாறு வருடத்தில் எத்தனை பேர் செய்திருக்க வேண்டும்!

படத்துக்கு மாமாவையும் அழைத்துப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி, பட்டர்வொர்த்தில் இருக்கிறார். சிலாங்கூர் அணி பினாங்குக்கு வந்து ஆடும் நாளில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் நகர அரங்கத்துக்குப் போய், நம் பினாங்கு தோற்றாலும் பரவாயில்லை என்று எதிரணியின் ஆறுமுகத்துக்காகக் கத்தியவர். 1974ல் பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்றதைப் பற்றி இன்றும் நேற்று நடந்தது போலப் பேசுவார். இடைவேளையில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் எடுத்திருக்கான்டா. ஆனா ஆறுமுகம் இப்படி விழமாட்டாரு" என்றார்.

படம் வெளியாகி மூன்றே வாரத்தில் இன்னொன்று நடந்தது. 2016 பிப்ரவரி 16, அதே நகர அரங்கம். பஹாங்குக்கு எதிராக பினாங்கின் ஃபாயிஸ் சுப்ரி ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். ஒரு பக்கமாகப் புறப்பட்ட பந்து நடுவழியில் மனம் மாறியது போல மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. கோல்காவலர் தப்பான பக்கம் நகர்ந்துவிட்டிருந்தார். அந்த ஒளிபரப்புத் துண்டு கைப்பேசி கைப்பேசியாக உலகம் சுற்றியது. 2017 ஜனவரியில் ஸூரிக் நகரில் ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபா புஷ்காஷ் விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆசியர். அரங்கத்தில் அன்று இருந்தவர்கள் சில ஆயிரம் பேர் இருக்கலாம். ஓட்டுப் போட்டவர்கள் உலகம் முழுக்க. நடுவில் இருந்தது ஒரு கேமரா. கேமராக்காரர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தால், அதுவும் நம் பிள்ளைகளுக்கு 'என்பார்கள்' கதையாகத்தான் போயிருக்கும். இதே அரங்கத்தில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எத்தனை பந்துகள் அப்படி வளைந்தனவோ.

சபோல் குடும்பத்தின் கம்பெனியைப் பற்றி எனக்குப் பொறாமை வருவது பணத்தாலோ விருதாலோ அல்ல. அது ஆரம்பித்த விதத்தால். பையன் ஆடுகிறான், அப்பா எடுக்கிறார். அதற்கு லீக் வேண்டாம், அரசாங்க மானியம் வேண்டாம். இன்று நம் ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் கருவி எட் சபோலின் திருமணப் பரிசைவிடப் பல மடங்கு திறமையானது. ஸ்லோ மோஷன் பொத்தானே இருக்கிறது. அதில் நாம் சாப்பாட்டைத்தான் அதிகம் எடுக்கிறோம். நானும்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது கைப்பேசியை அலமாரி மேல் சாய்த்து வைத்துப் பதிவைத் தொடங்கினேன். ஆறுமுகம் எப்படி விழுவார் என்று கேட்டேன். மாமாவுக்கு இப்போது முழங்கால் வலி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையலறை வாசல்படியைக் கோல் கம்பமாக வைத்துக்கொண்டார். இடது கை இடுப்பில், வலது கை மேலே. சட்டென்று காட்டி முடித்துவிட்டார்.

"மெதுவா காட்டுங்க மாமா" என்றேன்.

"பந்து அப்படித்தான்டா வரும், மெதுவாவா வரும்?"

ஆனாலும் காட்டினார். முதலில் தோள் சாய்ந்தது. பிறகு கண் பந்தைப் பிடித்தது. கை நீண்டுகொண்டே போய், கதவு நிலையின் மேல் மூலையில் மூன்று விரல் பட்டு நின்றது. "இங்கதான். விரல் நுனி. பந்து கம்பத்துல பட்டு வெளிய போச்சு. எல்லாரும் கோல்னு எந்திரிச்சிட்டோம்."

32 நிமிடம் பதிவாகியிருக்கிறது. எழுத்தில் கொண்டுவரும் வேலை இன்னும் முடியவில்லை. அந்தப் பந்தை அடித்த பினாங்கு ஆட்டக்காரர் யார் என்பதில் மாமா ஒரு பெயர் சொல்கிறார். உள்ளேயிருந்து அத்தை, "அவரு அந்த வருசம் ஆடவே இல்ல" என்று வேறொரு பெயர் சொல்கிறார்.